வாய்மொழித் தேர்வுக்குப் பின்வரும் திருத்தங்கள்

நம் கல்லூரிகளில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஏறத்தாழ ஒரு மங்கல நிகழ்ச்சியாகிவிட்டது. பொன்னாடை, சிற்றுண்டி, குழுப்படம் யாவும் முறைப்படி நடந்தேறும். பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகப் புறத்தேர்வாளர் அறிவித்ததும் அரங்கம் கைதட்டுகிறது. ‘சுட்டிய திருத்தங்களைச் செய்தபின்’ என்று அவர் சேர்த்துச் சொல்வது அந்த ஒலியில் அமிழ்ந்துபோகிறது. அன்றைய நிகழ்வில் மிக இன்றியமையாத சொற்கள் அவையே என்பது நம் கருத்து.

திருத்தங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஒற்றுப்பிழை, எண் மாற்றம் போன்றவற்றை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடச் சொல்வது இரண்டாம் வகை. காட்டிய சான்று முடிவைத் தாங்கவில்லை என்பது மூன்றாம் வகை. ஆய்வாளர் பலர் முதல் வகையை மட்டும் தட்டச்சு நிலையத்தில் சரிசெய்து, நெறியாளரின் சான்றொப்பம் பெற்று ஏட்டை ஒப்படைத்துவிடுகின்றனர். ஏனைய இரண்டும் தீண்டப்படாமலே பைண்டிங்குக்குப் போகின்றன.

இதனால் விளைவது என்ன என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலே காட்டும். அக்குடைவரை ஓவியங்களை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் முதலியோர் கருதினர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை அங்குள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அது அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் காலத்தது. ஆகவே ஓவியங்களிற் பெரும்பகுதியைப் பாண்டியர் காலத்தவை என்றே பின்வந்த அறிஞர் பலரும் கொண்டனர். ஆயினும் ‘பல்லவர் கால ஓவியம்’ என்ற தொடர் நூல்களில் இன்றும் தலைகாட்டுகிறது. கல் சொன்ன திருத்தத்தைத் தாள் இன்னும் ஏற்கவில்லை.

முன்னாளில் ஆய்வேட்டின் பிழை நூலக அலமாரியோடு நின்றது. இன்று நிலை வேறு. பட்டம் அறிவிக்கப்படுமுன் ஆய்வேட்டின் மின்படியை இன்ஃப்ளிப்நெட் நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கிருந்து அது ‘சோத்கங்கா’ தளத்தில் எவர்க்கும் கிடைக்கிறது. திருத்தாத ஏடு ஏறினால் அடுத்த ஆய்வாளர் அதனையே மேற்கோளாக எடுப்பார். அவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பார். இரண்டு தலைமுறைக்குள் பிழை ‘அறிஞர் கருத்து’ ஆகிவிடும்.

புதுக்கோட்டை ஆய்வாளருக்கு வாய்ப்புக் குறைவென்று சொல்வதற்கில்லை. முதற்பதிப்புகளுக்குப் பெயர்பெற்ற ஞானாலயா நூலகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இலேயே அச்சேறிவிட்டது. குடுமியான்மலையும் நார்த்தாமலையும் பேருந்தில் சென்று பார்த்துவரும் தொலைவில் உள்ளன. மேற்கோளைச் சரிபார்க்க வேண்டியது ஒரு நாள் உழைப்பு மட்டுமே.

நாம் வேண்டுவது எளியது. தேர்வாளர் குறிப்பு, அதற்குச் செய்த மாற்றம், பக்க எண் என மூன்று பத்திகளில் ஓர் அட்டவணையை ஆய்வாளர் எழுதட்டும். தேர்வாளர் சொன்னதில் உடன்பாடில்லையெனில் தக்க சான்றோடு மறுக்கட்டும், தேர்வாளரும் தவறக்கூடியவரே. அவ்வட்டவணை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவே இடம்பெறட்டும். வரிக்கு வரி பார்த்த பின்னரே நெறியாளர் ஒப்பமிடட்டும்.

திருத்தம் கண்டு கூசுவானேன்? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து, மேலும் சுவடிகளை ஒப்புநோக்கி, 1907இல் திருந்திய இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். இருபது ஆண்டுகள் தம் பதிப்பையே அவர் திருத்திக்கொண்டிருந்தார். நம் ஆய்வாளரிடம் கேட்கப்படுவது சில வாரங்கள்தாம்.