தொழிலறிந்து நிரல் வகுத்தல்

கணிப்பொறி ஆற்ற வேண்டிய பணியை வரிசைப்பட வகுத்துரைப்பது நிரல். அதனை எழுதுவோர் பொறியை அறிந்தாற் போதும், தொழிலின் நுணுக்கத்தைத் தொழில் செய்வோர் பார்த்துக்கொள்வர் என்பார் பலர். இப்பங்கீடு பொருந்தாது என்பதே எம் கருத்து.

இலண்டன் மாநகரில் லயன்ஸ் என்னும் நிறுவனம் இருந்தது. தேநீர்க் கடைகள் நடத்துவதும், ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்பதும் அதன் தொழில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1949-இல் இயக்கிய எட்சாக் என்னும் கணிப்பொறியைப் பின்பற்றி, அந்நிறுவனத்தார் லியோ என்னும் பொறியைத் தாமே அமைத்தனர். 1951 நவம்பரில் அது ரொட்டிச்சாலைகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது. வணிக அலுவலை முறையாக ஆற்றிய முதற் கணிப்பொறி அதுவே என்பர். தேநீர் விற்போர் கணிப்பொறி செய்தனர் என்றால் நகைப்பார் இருக்கலாம். எமக்கோ அது வியப்பன்று. தம் தேவையைத் தாமே அறிந்தவர் அவர்.

1954-இல் கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் அலுவலையும் லியோவிடம் ஒப்படைத்தனர். மறுநாளைக்கு வேண்டிய பண்டங்களின் முழுப் பட்டியலையும் ஒவ்வொரு கடையிலிருந்தும் நாள்தோறும் பெற்றுப் பொறியில் ஏற்றியிருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின் எழுத்துவேலை குறைந்திராது. நிரல் வகுத்தோருள் தலைசிறந்தவரான டேவிட் கேமினர், அந்நிறுவனத்தின் அலுவல் முறைகளை முன்னரே ஆராய்ந்து பழகியவர். ஒரு கடையின் தேவை பெரிதும் மாறுவதில்லை. திங்கட்கிழமைக்கு இவ்வளவு, சனிக்கிழமைக்கு இவ்வளவு என ஓர் அளவு உண்டு. அவ்வளவைப் பொறிக்கென நிலையாகப் பதிந்து வைத்தனர். அலுவலகப் பெண்கள் குறித்த நேரத்தில் கடைத் தலைவியரைத் தொலைபேசியில் அழைத்து, மாற்றம் உண்டாயின் அதனை மட்டும் கேட்டு, அட்டையில் துளையிட்டனர். எஞ்சியதைப் பொறி பார்த்துக்கொண்டது. இத்திட்டம் மின்னணுவியலிற் பிறந்ததன்று; கடைத் தலைவியின் ஒரு நாளை உணர்ந்தமையாற் பிறந்தது.

எரிக் எவன்ஸ் என்பார் 2003-இல் வெளியிட்ட நூலில், தொழிலோர் வழங்கும் சொற்களே நிரலிலும் வழங்குதல் வேண்டும் என்றார். ஒரு சொல் ஈரிடத்து இரு பொருள் தருமாயின், அவற்றை வலிந்து ஒன்றாக்காது எல்லை வகுத்தல் வேண்டும் என்றும் கூறினார். வங்கியிற் பணம் போட்டவர்க்குக் 'கணக்கு' என்பது ஒன்று. பொறியினுள் நுழையப் பதிந்துகொள்ளும் 'கணக்கு' மற்றொன்று. இரண்டையும் கலந்தால் குழப்பமே மிஞ்சும்.

இதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகுமே எனின், ஆகும். சிற்றலுவலுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டா; சிக்கல் மிக்க தொழில்களுக்கே எவன்ஸும் இதனை வற்புறுத்தினார். ஆயினும், பொருந்தாத நிரலோடு நாள் முழுதும் போராடுபவர் அதனை எழுதியவர் அல்லர், அலுவலகத்து எழுத்தரே. பொறி கேட்கும் வினாவிற்குத் தம் தொழிலில் விடை இல்லாதபோது, அவர் ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்பி மேற்செல்கின்றார். மேலதிகாரிகளோ, அவ்வாறு நிரப்பப்பட்டவற்றையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.