பாஷைதான் பெண்ணுக்குத் துணை

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. விமானம் ஏறும் முன்பே, "அங்கே நம்ம ஊர்க்காரங்க யார் இருக்காங்க?" என்று விசாரித்து, அவர்களோடு அறை பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். பாதுகாப்பு, சாப்பாடு, செலவு மூன்றுக்கும் வழி செய்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வதற்கென்றே போகிற பெண்ணுக்கு இது நல்லதா? நல்லதில்லை என்பதுதான் என் கருத்து.

என் நாத்தனார் மகள் ஸ்பெயின் நாட்டில் சலமான்கா என்ற ஊரில் ஸ்பானிஷ் படிக்கிறாள். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் படிக்கவென்றே வருகிற ஊர் அது. படிப்பு முடிந்து மொழிபெயர்ப்பு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இது விளையாட்டுக் காரியம் இல்லை.

அவள் இப்போது ஒரு வயதான அம்மாள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த அம்மாளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு ஒரு வார்த்தை தெரியாது. இந்த நேரத்தில் நம் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் ஒரு கட்டில் காலியாகிறதாம். வாடகையும் குறைவு. தினமும் சாம்பார், ரசம். வாய் நிறையத் தமிழ்.

"யாரோ ஒரு கிழவி வீட்டுல எதுக்கும்மா கஷ்டப்படணும்? நம்ம பிள்ளைங்களோட இருந்தா எனக்கும் வயிறு எரியாம இருக்கும்" என்கிறார் நாத்தனார். பெற்ற மனசு அப்படித்தான் நினைக்கும். நான் குறை சொல்லவில்லை. ஆனாலும், "அண்ணி, அவ அங்கேயே இருக்கட்டும்" என்றுதான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

அங்கே காய்கறிக் கடையில் நம் ஊர் போல முண்டியடிக்க மாட்டார்களாம். வரிசையும் கண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள். புதிதாக வருகிறவர், "கியேன் எஸ் எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும். "கடைசி ஆள் யார்?" என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்து நம் முறை. இதைக் கேட்கத் தெரியாமல் நின்றால், எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்!

எடை சொல்வது இன்னும் வேடிக்கை. "குவார்த்தோ இ மிதாத்" என்பார்களாம். கால் கிலோவும், அந்தக் காலில் பாதியும். அதாவது 375 கிராம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பாட்டிமார் சொன்ன 'காலே அரைக்கால்' கணக்கேதான்! எத்தனை பாடப் புத்தகத்தில் இதை எழுதி வைத்திருப்பார்கள்? கூடையோடு கடைக்குப் போனால்தான் காதில் விழும்.

அவள் சைவம். "கார்னே வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள். கார்னே என்றால் இறைச்சி. ஆனால் உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடையை, 'ஹமோன்' என்பார்கள், பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையாம். டூனா மீனையும் அப்படித்தான், சாலடில் தூவிக் கொண்டுவந்து வைப்பார்களாம். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோனும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல அவள் கற்றுக்கொண்டாள். பசி வந்தால் பாஷையும் வரும்!

ஒருநாள் வீட்டுக்கார அம்மாளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெண் வந்து விசாரிக்க, இவள் "எஸ் மாலா" என்றிருக்கிறாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "எஸ் மாலா" என்றால் 'அவள் கெட்டவள்' என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்பதற்கு "எஸ்தா மாலா" என்று சொல்ல வேண்டும். குணத்துக்கு ஒரு வினைச்சொல், அப்போதைய நிலைமைக்கு ஒரு வினைச்சொல். 'நல்லவ' என்பதற்கும் 'நல்லா இருக்கா' என்பதற்கும் நாம் வித்தியாசம் வைத்திருக்கிறோமே, அதுபோல. வகுப்பில் பத்து முறை எழுதியும் மண்டையில் ஏறாதது, அந்த ஒரு சிரிப்பில் ஏறிவிட்டது.

மதியச் சாப்பாடு அங்கே இரண்டு, மூன்று மணிக்கு. சாப்பிட்டதும் எழுந்து போய்விட மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு நேரத்துக்கு 'சோப்ரேமேசா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'மேசா' என்றால் நம் மேசைதான். போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல், ஸ்பானிஷிலும் அப்படியே இருக்கிறது. அந்த மேசையில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் எங்கள் பெண்ணுக்கு நாக்கு திரும்பியது. இதற்குத் தனியாக ஃபீஸ் கிடையாது!

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வேடிக்கை இல்லாத ஒன்றும் நடந்தது. ஒருநாள் இரவு அவளுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. தனியாகவே அவசரப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "எம்பராசாதாவா?" என்பது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெண், 'எம்பராஸ்' என்று நினைத்துக்கொண்டு, கூச்சமாக இருக்கிறதா என்று கேட்பதாக எண்ணி, ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'கர்ப்பமா?' என்பது! ஒரு தலையாட்டலில் கொடுக்கிற மருந்தும் எடுக்கிற சோதனையும் மாறிப் போயிருக்கும். எங்கள் பெண்ணுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. இல்லை என்றாள். வலி எங்கே, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாள், எல்லாம் அவளே சொன்னாள். மருந்து வாங்கிக்கொண்டு விடிவதற்குள் வீடு திரும்பிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். பெண்ணுக்குப் பாதுகாப்பு எது? பக்கத்துக் கட்டிலில் தமிழ் பேசும் தோழியா? அவளுக்கும் பாஷை தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவும், ஆபத்தில் 112-க்குப் போன் செய்து பேசவும், தொந்தரவு செய்கிறவனை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்கவும் அந்த ஊர்ப் பாஷை அல்லவா வேண்டும்?

வாடகை மிச்சமாகுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவள் எழுதப்போகும் 'டெலே' தேர்வில், வேலைக்குத் தேவைப்படும் பி-2 நிலையில், படிப்பதும் எழுதுவதும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொரு தொகுதி. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் பேச்சில் கோட்டை விட்டால் தேர்ச்சி இல்லை. மாதம் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பேச வராமல் திரும்பினால், வங்கியில் இருக்கும் பத்திரத்தை யார் மீட்பது?

நம்மவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகட்டும், ரசம் சாப்பிடட்டும், பொங்கலுக்குச் சேர்ந்து கோலம் போடட்டும். அந்தத் தெம்பும் வேண்டும். குடியிருப்பு மட்டும் அந்த ஊர் மனிதர்களோடு இருக்கட்டும். வீடு நல்ல வீடா, மனிதர்கள் எப்படி என்று முதலில் நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டியது நம் கடமை. விசாரித்தபின் நம்ப வேண்டியதும் நம் கடமைதான்.

அம்மாக்களுக்கு இன்னொன்று. தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ காலில் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மாலை நேரம் என்பது பிள்ளைகள் வெளியே போய் நாலு பேரோடு பேசிப் பழகும் நேரம். பதினைந்து நிமிடம் போதும். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டபின், "இன்னைக்கு யாரோட பேசினே? புதுசா என்ன வார்த்தை கத்துக்கிட்டே?" என்றும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதால்தான், பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் இத்தனை வார்த்தை தெரிந்தது!

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது என்று நாமே சொல்கிறோம். கடல் தாண்டி அனுப்பிவிட்டு, கரையிலேயே உட்கார் என்றால் எப்படி? என்ன சகோதரிகளே, நான் சொல்வது நியாயம்தானே?

— ஒரு வாசகி, கும்பகோணம்.