சிட்னி ஞாபகம் இருக்கு... வதோதரா?

எங்கள் வீட்டில் சிட்னி டெஸ்ட் என்றால் அது 2008 ஜனவரி டெஸ்ட் ஒன்றுதான். ஸ்டீவ் பக்னர் பெயரைச் சொன்னால் போதும், அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது இஷாந்த் பந்தில் எட்ஜ் எடுத்தது, தோனி பிடித்தது, பக்னர் அவுட் கொடுக்காமல் நின்றது, அந்த மனிதர் பிறகு 162 நாட் அவுட் வரை போனது, கடைசி நாள் கிளார்க் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்து நம் கதையை முடித்தது... ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அப்போது நான் கைக்குழந்தை. ஆனால் கேட்டுக் கேட்டு, நானே அன்றைக்கு மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அதே டெஸ்டில்தான் ஹர்பஜன் சைமண்ட்ஸைக் குரங்கு என்று சொன்னதாகப் புகார் கிளம்பியது. மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் மூன்று டெஸ்ட் தடை போட்டார். அப்பீலை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன், நிறவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று தடையை நீக்கினார். கெட்ட வார்த்தை பேசியதற்காக மேட்ச் சம்பளத்தில் பாதி அபராதம், அவ்வளவுதான். அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்பது ஹர்பஜன் பக்கம். அந்த வழக்கைத் திரும்ப நடத்த நான் இதை எழுதவில்லை. நடுவர்கள் அந்த மேட்சில் நமக்குச் செய்தது அநியாயம் என்பதிலும் சந்தேகமில்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது. அதைப் பற்றி அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானே போன வருடம்தான் பழைய செய்திகளைத் துழாவும்போது தற்செயலாகப் படித்தேன்.

2007 அக்டோபரில் ஆஸ்திரேலியா இங்கே ஏழு ஒருநாள் போட்டி ஆட வந்தது. வதோதராவில் சைமண்ட்ஸைப் பார்த்து கூட்டம் குரங்கு மாதிரி சத்தம் போட்டது. ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, கூட்டமாக. முதலில் வந்த பதில், அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை என்பதுதான். பிறகு, இது அனுமாரைக் கும்பிடுகிற நாடு, இங்கே குரங்கு என்றால் அவமானமே இல்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். (அனுமார் பாவம்! சாமி கும்பிடுகிறவன் அக்குளைச் சொறிந்து காட்டியா கும்பிடுவான்?) அக்டோபர் 17ஆம் தேதி மும்பை வான்கடேயில் அதே கூத்து மறுபடி நடந்தது. இந்தத் தடவை போட்டோ எடுத்துவிட்டார்கள். போலீஸ் சிலரை வெளியே அனுப்ப வேண்டி வந்தது.

நடுவில் நாக்பூரில் ஒரு மேட்ச் இருந்தது. அதில் சைமண்ட்ஸ் 107 நாட் அவுட். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரேதான். அதாவது நம்மை மைதானத்தில் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தரை ஆட்டத்தில் ஜெயிக்க முடியாமல் கேலரியில் இருந்து ஜெயிக்கப் பார்த்திருக்கிறோம்.

சைமண்ட்ஸின் பின்னணி தெரிந்தால் இன்னும் சங்கடமாக இருக்கும். பிறந்தது இங்கிலாந்தில், பர்மிங்காமில். பெற்றவர்களில் ஒருவர் கரீபிய வம்சாவளி. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தத்து எடுத்து ஆஸ்திரேலியாவில் வளர்த்தார்கள். மீன் பிடிப்பது, வேட்டைக்குப் போவது என்று திரிந்த மனிதர். கொடி பிடிக்கிற போராளியெல்லாம் இல்லை. அவர் பாட்டுக்கு பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரை, உன் நிறம் என்ன என்று நாம்தான் ஞாபகப்படுத்தி அனுப்பினோம்.

சிட்னி விவகாரத்துக்குப் பிறகு குடி அதிகமானது, அங்கிருந்துதான் என் சரிவு ஆரம்பித்தது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புகாரில் தன்னோடு நின்ற அணி நண்பர்களையும் இழுத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. 2009ல் டி20 உலகக் கோப்பையின்போது அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அவர் ஆடவே இல்லை. 2022 மே 14ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். 46 வயது.

இப்போது இன்னொரு சிட்னிக்கு வருவோம். 2021 ஜனவரி. அப்பா செத்த செய்தியைச் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போதே கேட்டு, ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று ஆடிய சிராஜ். பவுண்டரி பக்கம் நின்ற அவரையும் பும்ராவையும் கேலரியில் இருந்து கேவலமாகப் பேசினார்கள். மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுத்தும், நான்காம் நாள் மறுபடி ஆரம்பித்தது. சிராஜ் பேசாமல் இருக்கவில்லை. நேராக உள்ளே நடந்து வந்து ரஹானேவிடம் சொன்னார், ரஹானே அம்பயர்களிடம் சொன்னார், ஆட்டம் நின்றது. ஆறு பேரைக் கேலரியில் இருந்து வெளியேற்றினார்கள். பிற்பாடு நடந்த விசாரணையில் அந்த ஆறு பேர் பேசவில்லை என்று தெரிந்தது. ஆனால் இந்திய வீரர்கள் நிறவெறிப் பேச்சுக்கு ஆளானது உண்மை என்று ஆஸ்திரேலிய வாரியமே ஒத்துக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன். 2007 தெரிந்த பிறகு அந்த ஸ்டேட்டஸை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. சிராஜுக்காகக் கோபப்பட்டது தப்பு என்று சொல்லவில்லை. அது நூற்றுக்கு நூறு சரி. நம் ஆள் அடி வாங்கினால் மட்டும் அதற்கு நிறவெறி என்று பெயர், நாம் அடித்தால் தமாஷ் என்று பெயர். அந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை.

தமாஷ் என்றதும் டேரன் சமி ஞாபகம் வருகிறார். வெஸ்ட் இண்டீஸுக்கு இரண்டு முறை டி20 உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது அவரை "காலு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஏதோ பலசாலி என்று பாராட்டுகிறார்கள் போல என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அர்த்தம் "கறுப்பன்" என்பது 2020ல்தான் தெரிந்தது. கொதித்துப்போனார். பிறகு பழைய சக வீரர் ஒருவர் பேசி, பாசத்தில்தான் கூப்பிட்டோம் என்று சொல்ல, அவரும் ஏற்றுக்கொண்டார். பெருந்தன்மை. ஆனால் பாசத்துக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

வடக்கே இருக்கிறவர்கள் அப்படி என்று யாராவது சொல்ல வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் நம் அபினவ் முகுந்த் ட்விட்டரில் ஒரு கடிதம் போட்டார். சின்ன வயதிலிருந்தே தன் நிறத்தைப் பற்றி ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பதைப் பற்றி. சென்னை வெயிலில் நாள் முழுக்க நின்று பயிற்சி எடுத்தவன் கறுக்காமல் என்ன செய்வான்? டெஸ்ட் ஆடிய ஓப்பனருக்கே இந்தக் கதி.

எங்கள் ஸ்கூல் டீமிலும் ஒரு ஓப்பனர் இருந்தான். பட்டப்பெயர் கெய்ல். அடிப்பானோ என்று நினைக்காதீர்கள். இருபது பந்துக்கு நான்கு ரன் எடுக்கிற கட்டை மன்னன். சிக்ஸர் அடித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு ஏன் கெய்ல்? உங்களுக்கே தெரியும். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. ஆனால் மூன்று வருடம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பி.டி. சார்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் சிரிப்பான்.

சைமண்ட்ஸ் கதையைப் படித்த அன்று ராத்திரி அவனுக்கு போன் போட்டேன். ஏதேதோ பேசிவிட்டு கடைசியில், "டேய், உன்னை கெய்ல்னு கூப்பிட்டோமே, உனக்கு அது கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ப்ளஸ் டூல நான் ஏன் டீமை விட்டு நின்னேன்னு நினைச்ச?" என்றான்.

படிப்புக்காக நின்றான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எங்களிடம் அப்படித்தான் சொன்னான்.

அப்பாவிடம் வான்கடே போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது எப்போ நடந்தது?" என்றார். சொன்னேன். "அந்த சீரிஸ் நான் பார்த்தேனே..." என்றவர், போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு பக்னர் பேச்சு வரவில்லை.