எப்படி எடுத்தீங்க?

வாரத்தில் ஆறு நாள் நான் மெர்ச்சண்டைசர். ஏழாம் நாள் விடியலில், கேமராவோடு நஞ்சராயன் குளத்துக் கரையில் இருப்பேன். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம். 2022இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலம். பனியன் ஊருக்குள் இப்படி ஓர் இடம் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

போன தை மாதம் ஒரு காலை. தட்டைவாயன் வாத்துகள் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. சூரியன் எழுந்து தண்ணீர் பொன்னிறமான நேரம் பார்த்து, பக்கத்தில் நின்றவர் பலமாகக் கை தட்டினார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. அத்தனை கேமராக்களும் படபடத்தன. என்னுடையதும்தான்.

"ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று பிறகு கேட்டேன். "ஒருக்கா பறந்தா செத்தா போயிருமுங்க?" என்றார்.

சாகாதுதான். ஆனால் நமக்கு அழகான அந்த வெளிச்சம் பறவைக்குச் சாப்பாட்டு நேரம். வலசை வந்த வாத்து, திரும்பிப் போகும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வீண் பறத்தலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. நீங்கள் ஒருமுறை, அடுத்தவர் ஒருமுறை, அடுத்த ஞாயிறு இன்னும் பத்துப் பேர். ஒரு பீஸ் டேமேஜ் ஆனால் என்ன என்று ஒவ்வொரு டேபிளும் நினைத்தால் கன்டெய்னர் கப்பலேறுமா?

நான் யோக்கியன் இல்லை. ஒரு சித்திரையில் ஆட்காட்டிக் குருவியின் கூட்டைக் கண்டேன். கூடு என்ன கூடு, வெறும் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே கல்நிற முட்டைகள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாய் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. எனக்கு அது 'ஆக்‌ஷன் ஷாட்'. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முட்டைகளுக்கு நிழல் தர ஆளில்லை. பனைமரத்தில் இரண்டு காகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் முட்டைகள் இல்லை. காரணம் நான்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நாமெல்லாம் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். பறவையின் கூட்டை, முட்டையைத் தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"குளத்துல சாக்கடை கலக்குது, அதை விட்டுட்டு எங்களைப் பிடிக்கிறீங்களே" என்பார்கள். அதையும் கேட்போம். ஆனால் நொய்யலை நினைத்துப் பாருங்கள். என் ஒரு பட்டறைத் தண்ணீரால் ஆறா செத்துவிடும் என்ற நினைப்புதான் ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தொட்டியாக்கியது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நமக்கு உறைக்கவில்லை. 'ஒருக்கா பறந்தா என்ன' என்பதும் அதே கணக்கு.

தொந்தரவு செய்யாமல் எடுப்பது நடக்காத காரியமா? மா. கிருஷ்ணன் (1912–1996), நம் அ. மாதவையாவின் மகன், உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நம் கையிலோ நீள லென்ஸ், சத்தமில்லாத ஷட்டர். இல்லாதது பொறுமை. இருட்டோடு போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி தாழ உட்கார்ந்து அசையாமல் இருந்தால் போதும், சில நாட்களில் பறவையே கிட்டத்தில் வரும். வராத நாளில் படம் இல்லை, அவ்வளவுதான். மேய்கிற பறவை தலையைத் தூக்கினால் நில்லுங்கள். கத்தினால் திரும்புங்கள். செல்போனில் அதன் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் வேலையில் ஒரு டி-ஷர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையர் விடமாட்டார். யார் தைத்தது, குழந்தைத் தொழிலாளி உண்டா, சாயத் தண்ணீர் எங்கே போனது என்று ஆடிட் வரும். ஒரு பனியனிடம் கேட்கும் இந்தக் கேள்வியை ஒரு படத்திடம் ஏன் நாம் கேட்பதில்லை? புகைப்படப் போட்டி நடத்துபவர்கள் கூட்டுப் படங்களை வாங்கக் கூடாது. எடுத்த விதத்தைச் சொல்லாத படத்துக்குப் பரிசும் கூடாது. நீங்களும், பறவைக் கூட்டம் பொன்னொளியில் சிறகடிக்கும் படத்துக்கு ஹார்ட் போடும் முன், கீழே ஒரு வரி கேளுங்கள்: எப்படி எடுத்தீங்க?

தை மாதத்துப் படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே அழகான படம் அது. யாருக்கும் காட்டவில்லை.