போனில் பாஸ் திட்டம் போடும் பொடியன்களைப் பற்றி

 

பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாய் எழும்பி, "சேர், இந்த ஈஃபுட்போல் கேமை ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். பலர் தலையாட்டினார்கள். கவலை நியாயமானது. ஆனால் அந்தத் தீர்வுக்கு நான் உடன்படவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இது ஜப்பானின் கொனாமி நிறுவனத்தின் கேம். முன்பு பெஸ் என்று நம் வயதுக்காரர் பலர் விளையாடியதுதான். 2021இல் ஈஃபுட்போல் என்று பெயர் மாறியது. விரலால் பந்தை உதைப்பது அதில் பாதிதான். மற்றப் பாதி மட்ச் தொடங்குவதற்கு முன்னால் நடக்கிறது. பந்தை எப்படி நகர்த்துவது என்பதற்கு ஐந்து ஆட்டமுறைகள் இருக்கின்றன. ‘பொசஷன் கேம்’ என்றால் வீரர்கள் கிட்டக்கிட்ட வந்து குறும்பாஸ் கேட்பார்கள். ‘குயிக் கவுன்டர்’ என்றால் பந்து பறித்ததும் முன்னால் பாய்வார்கள். ‘அவுட் வைட்’ என்றால் ஓரத்தால் போகும். மிச்சம் இரண்டும் நீளப் பந்து. இதற்கு மேல் ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது, யாருக்கு என்ன கட்டளை என்பதெல்லாம் விளையாடுபவன் தீர்மானிப்பது.

அமெரிக்காவில் பந்தைக் கையால் எறிந்து விளையாடும் ஃபுட்போலுக்கு ‘மேடன்’ என்றொரு கேம் 1988இல் இருந்து வருகிறது. ஜோன் மேடன் என்ற பயிற்சியாளரின் பெயர் வைத்தது. ஆளைக் குறைத்துச் செய்யப் பார்த்தபோது, பக்கத்துக்குப் பதினொரு பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்போல் இல்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். பாஸுக்கு யார் எந்தப் பாதையில் ஓடவேண்டும் என்று வரைந்த திட்டங்களில் தனக்கு வேண்டியதைச் சேர்த்துத் தன் சொந்தப் புத்தகமே அதில் செய்துகொள்ளலாம்.

நம் பொடியன்களில் அநேகர் இதைச் செய்வதில்லை. யூடியூப்பில் ஒருவன் போட்டதை அப்படியே கொப்பி அடிக்கிறார்கள். டியூசன் நோட்ஸ் மாதிரி. தோற்றால் இன்னொருவனுடைய வீடியோ.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். காயின் வாங்கக் காசில்லாதவன், அவன் அணியில் பெரிய பெயர்கள் கிடையாது. ஆனாலும் வகுப்பில் அவனை வெல்வது கஷ்டம் என்றார்கள். கரும்பலகையில் வரைந்து காட்டு என்றேன். பதினொரு புள்ளி வைத்தான், அம்புக்குறி போட்டான். ஒரு முன்வரிசை வீரனைக் காட்டி, "சேர், இவன் பந்து எடுக்க ஓடல்ல. டிபென்டரை இழுத்துக்கிட்டுப் போகத்தான் ஓடுறான். பந்து பின்னால வாறவனுக்கு" என்றான். தமிழில் ஐந்து வரிக் கட்டுரைக்குத் திணறுகிற பிள்ளை, பத்து நிமிடம் காரணம் சொன்னான்: எதிராளி நடுவை அடைத்தால் என்ன, மேலே ஏறி வந்தால் என்ன என்று.

இதைத்தான் நான் தடை செய்ய விரும்பவில்லை. ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலகையில் வரைந்து கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்? அந்த இடத்தைப் போன் கொஞ்சம் நிரப்புகிறது.

கொஞ்சம் மட்டுமே. போனில் உள்ள வீரன் கோபிப்பதில்லை. அதே திட்டத்தைக் கிரவுண்டில் போட்டுப் பார்த்தோம். டிபென்டரை இழுத்துக்கொண்டு ஓடச் சொன்ன பிள்ளை மூன்றாம் தரம் நின்றுவிட்டான். "எனக்குப் பந்தே வரல்லயே சேர்!" பந்து வராத ஓட்டத்தை ஒருவனை ஓடவைப்பது எந்த செட்டிங்கிலும் இல்லை. பிறகு மணலில் பந்து உருளும் வேகம் வேறு.

பாஸின் எண்ணிக்கையிலும் மயங்கவேண்டாம். 2022 டிசம்பர் 6, மொரோக்கோ-ஸ்பெயின் மட்ச் நம் ஊர்களில் பலர் கண்விழித்துப் பார்த்ததுதானே. 120 நிமிடத்தில் ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டது. ஒரு கோல் இல்லை. பெனால்டியிலும் ஒன்றும் விழவில்லை. போனோ இரண்டைத் தடுத்தார், ஒன்று கம்பத்தில் பட்டது. 3-0. மொரோக்கோவின் திட்டம் பந்தை வைத்திருப்பதே இல்லை. நடுவை அடைத்துப் பொறுமையாக நிற்பது.

உண்மையில் நிப்பாட்டவேண்டியது ஒன்று இருக்கிறது: காயின். காசு கொடுத்துக் குலுக்கலில் வீரன் வரும் என்று காத்திருப்பது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில கேம்களில் இருந்த இப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. அதன் பிறகு 2019 ஜனவரியில் ஃபிஃபா கேமின் புள்ளிகளை அந்த நாட்டில் விற்பதை ஈஏ நிறுவனம் நிறுத்தியது. வாப்பாமாரே, அப்பாமாரே, ரீலோட் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு பத்துக்குப் பிறகு போன் உங்கள் கையில் இருக்கட்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மற்றப்படி, பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்து, "ஏன் அவனுக்குப் பாஸ் போட்டாய்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் விடுங்கள். "யூடியூப்பில சொன்னாங்க" என்றால் அந்தப் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கிரவுண்டில் இருப்பேன். தன் சொந்தத் திட்டத்தை ஒரு தாளில் வரைந்து கொண்டுவருபவன் அன்று அணித்தலைவன். சாதாரண தரப் பரீட்சை எழுதுபவர்கள் மஃரிபுக்கு முன் வீட்டுக்குப் போய்விடவேண்டும்.