அரைத்தொட்டித் தண்ணியும் முழுப்பொய்யும்

"பத்து வருசமா நிக்குது, ஒரு சொட்டு ஒழுகேல்ல." பாவிச்ச பெரிய மீன்தொட்டி விற்கிற எல்லாரிடமும் இதே வசனம்தான். வெளிநாடு போகிற குடும்பமும் சொல்லுது, மீன் வளர்த்துக் களைச்ச பெடியனும் சொல்லுறான். வாங்கப் போகிற எங்கட ஆக்கள் அதை நற்சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். பத்து வருசம் என்றால் உண்மையில் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். சிலிக்கன் ஒட்டுக்கும் வயது போகும்.

பாரத்தைக் கதைப்போம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமான தொட்டிக்குள் கிட்டத்தட்ட 680 லீற்றர் தண்ணி. அதாவது 680 கிலோ. கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். முன் கண்ணாடியைத் தண்ணி வெளியே தள்ளுகிற விசை மட்டும் சுமார் 340 கிலோ பாரத்துக்குச் சமன். அதைப் பிடித்து வைத்திருப்பது கண்ணாடிகளுக்கு இடையில் இருக்கிற மெல்லிய சிலிக்கன் படை.

இப்ப அந்த வித்தைக்கு வருவோம். நீங்கள் பார்க்கப் போகும்போது தொட்டியில் அரைவாசிக்குத் தண்ணி நிற்கும். "பாருங்கோ, எங்கயாவது ஈரம் இருக்கோ?" அரைவாசித் தண்ணி என்றால் அரைவாசி விசை என்று நினைப்போம். இல்லை. உயரம் பாதியானால் விசை நாலில் ஒன்று. 340 தாங்க வேண்டிய கண்ணாடியை 85இல் சோதித்துக் காட்டுகிறார்கள். சாதாரண தரத்தில் படித்த பௌதிகம்தான், ஆனால் காசு எண்ணுகிற நேரத்தில் எவருக்கும் ஞாபகம் வராது.

இதைவிட மோசம், உள்மூலையில் பளபளக்கிற புதுச் சிலிக்கன். "புதுசா அடிச்சுத் தந்திருக்கிறன்" என்பதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். பழைய சிலிக்கனில் புதுச் சிலிக்கன் ஒழுங்காகப் பிடிக்காது. உள்மூலைப் பூச்சு ஒழுக்கை மறைக்கும்; பலம் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற ஒட்டில்தான் இருக்கிறது. அது களன்றிருந்தால் தொட்டியை முழுதாகப் பிரித்து, சுரண்டித் துடைத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். மேலால் பூசி விற்கிறதை நான் ஏமாற்று என்றுதான் சொல்லுவேன்.

ஆகவே டோர்ச் ஒன்று கொண்டுபோங்கள். ஒவ்வொரு மூட்டையும் வெளியிலிருந்து கண்ணாடிக்கூடாகப் பாருங்கள். வெள்ளையாய்ப் பூத்த இடம், நீளமான காற்றுக்குமிழ், விளிம்பிலிருந்து உள்ளே போகிற பிரிவு இருந்தால் திரும்பி வாருங்கள். விளிம்புகளில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். சின்ன உடைவுதான் பிறகு வெடிப்பாக ஓடும். மேல்விளிம்பில் பழைய சிலிக்கன் தடம் மட்டும் இருந்தால், அங்கே இருந்த குறுக்குக் கண்ணாடியை ஆரோ கழற்றியிருக்கிறார்கள். அது அழகுக்கு வைத்ததல்ல, முன்னும் பின்னும் வெளியே வளையாமல் பிடிக்க வைத்தது. கண்ணாடித் தடிப்பையும் அளவுங்கள். 2 அடி உயரத்துக்கு 10, 12 மில்லிமீற்றர் போடுவார்கள். 6 என்றால் கதையை நிற்பாட்டுங்கள்.

அங்கே தப்பினாலும் முடியவில்லை. நாலு பேர் நாலு மூலையில் தூக்கி, லொறியில் குலுக்கிக் கொண்டுவந்த தொட்டி, அங்கே பார்த்த அதே தொட்டி இல்லை. முற்றத்தில் மட்டம் பார்த்து, சட்டமில்லாத தொட்டி என்றால் அடியில் றெஜிபோம் போட்டு, விளிம்புவரை நிரப்பிச் சில நாள் விடுங்கள். நேரான கோல் ஒன்றை முன் கண்ணாடியில் பிடித்து வளைவைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள். மேல்மாடி வாடகை அறை என்றால் வேண்டாம். கீழே படுத்திருக்கிறவரிடம் நீங்கள் அனுமதி கேட்கவில்லை.

"இவ்வளவு பயம் தேவையோ" என்று கேட்பவர்களுக்கு: 2022 டிசம்பர் 16 அதிகாலை பெர்லினில் அக்குவாடோம் வெடித்தது. அது அக்கிரிலிக், எங்கட கண்ணாடி இல்லை. 10 லட்சம் லீற்றர். திருத்தவேலை முடித்துத் திறந்து சில மாதம்தான். நிபுணர்கள் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. எங்கட ஆள் வாசலில் நின்று "நான் கரண்டி" என்கிறார்.

விற்கிறவருக்கும் ஒன்று. வயது, செய்த திருத்தம், கழற்றிய கண்ணாடி எல்லாவற்றையும் விளம்பரத்திலேயே போடுங்கள். வாங்க வருகிறவர் கேட்டால் விளிம்புவரை நிரப்பிக் காட்டுங்கள். மாட்டேன் என்றால், செடி வளர்க்கிற கண்ணாடிப் பெட்டிக்கு உரிய விலையைச் சொல்லுங்கள்.