பக்கத்து ஆளோட ஹேண்ட்போன் மேல பழி போடாதீங்க!

தைப்பூசம் வரப்போகுது. ஒவ்வொரு வருஷமும் பத்துமலையில் தொண்டு செய்யும் எங்ககிட்ட வந்து நிறைய பேர் சொல்றது: "அண்ணே, சுத்தி இத்தனை பேர் போன் வச்சிருக்காங்க, அதான் என் போன்ல லைன் போகல." எங்களைக் கேட்டா, இது பாதிதான் உண்மை.

ஒரு போன் பக்கத்து போனை நேரடியா கெடுக்காது. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதை டவர்தான் ஒவ்வொரு போனுக்கும் சொல்லுது. அதனாலதான் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரெண்டு பேர் தாராளமா பேச முடியுது.

அப்புறம் ஏன் லைன் கிடைக்கல? தொழிற்சாலையில் வேலை செய்றவங்களுக்கு உடனே புரியும். ஒரே கம்ப்ரஸர், பத்து ஹோஸ். எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தா பிரஷர் இறங்கிடும். எந்த ஹோஸும் இன்னொரு ஹோஸைக் கெடுக்கல, காத்துதான் பத்தல. டவரும் அப்படித்தான். 272 படியிலும் அடிவாரத்திலும் நிக்கிற கூட்டம் மொத்தமும் அதைப் பங்கு போட்டுக்குது.

இதில் அதிகம் இழுப்பது லைவ் வீடியோ. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட்தான். லைவ் ஒரே வினாடியில் அதைப் போல பல நூறு மடங்கு இழுக்கும். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைச்சிட்டுத் தேடுற அம்மாவுக்கும், மயங்கி விழுந்த தாத்தாவுக்கு உதவி கூப்பிடுறவருக்கும் அதே டவர்தான்.

மைக்கில் 'டிட் டிட்'னு சத்தம் வருதே, அது நிஜமான இடையூறு. 2ஜி போன் வினாடிக்கு சுமார் 217 தடவை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும். மைக் வயர் அதைப் பிடிச்சு ஸ்பீக்கர்ல கொட்டிடும். அதனால மைக் பக்கத்தில் போன் வைக்காதீங்க.

"கோயில்ல ஜாமர் வைங்க"ன்னு சிலர் சொல்றாங்க. வேண்டவே வேண்டாம். அது அவசர அழைப்பையும் சேர்த்து அடைச்சிடும். சட்டமும் அனுமதிக்காது.

நாங்க கேட்பது இவ்வளவுதான்:

1. காவடியைப் பதிவு பண்ணுங்க, வீட்டுக்குப் போய் போடுங்க. கூட்டத்துக்குள்ள லைவ் வேண்டாம்.
2. பிரிஞ்சா எங்கே சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வச்சிக்குங்க.
3. சின்னப் பிள்ளைங்க கையில் உங்க நம்பரை எழுதி விடுங்க.
4. லைன் போகலன்னா திரும்பத் திரும்ப அடிக்காம எஸ்எம்எஸ் அனுப்புங்க.

தண்ணீர்ப் பந்தலில் ஒரு கப் குடிச்சிட்டு அடுத்தவருக்கு வழி விடுறோம் இல்லையா? லைனும் அந்த மாதிரிதான். விட்டுக் கொடுப்பதும் ஒரு தொண்டு.

வேல் வேல்! முருகனுக்கு அரோகரா! 🙏